கல்லின் மறுபுறம்

 

இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கல். மோதிரத்தில் பதிக்கும் கல் அன்று. கோயிலில் நின்று அபிஷேகம் கொள்ளும் கல்லும் அன்று. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன், இரும்பும் வெண்கலமும் அறியாத உழவர்கள், நெடுந்தூரத்திலிருந்து பெயர்த்து இழுத்து வந்து, நிறுத்தி, அடுக்கி, மேலே மண்ணைக் கொட்டி மூடி, மூடுவதற்கு முன்பே அதன்மேல் எதையோ கொத்தியும் வைத்துப் போன கல். கண்ணுக்குத் தெரியும் முகத்தில் கொத்தினார்கள், அதில் அதிசயமில்லை. எந்தக் கண்ணுக்கும் எக்காலத்தும் தெரியப்போவதில்லை என்று நன்றாகத் தெரிந்திருந்த முதுகிலும் கொத்தினார்களே, அது எதற்காக? யாருக்காக? இந்த ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நான் உங்கள் முன் நிற்கிறேன்.

பெருங்கற் சின்னம் என்பது நம்மவர்க்குப் புதிய சொல்லாக இருக்கலாம், பொருள் புதிதன்று. கொங்கு நாட்டிலும் தொண்டை நாட்டிலும் காட்டோரங்களில் நாலு பலகைக் கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிவைத்த கற்பதுக்கைகள் எத்தனையோ உண்டு. அங்கே ஆடு மேய்க்கிற பையனைக் கேட்டால் ஓரிடத்தில் ‘வாலியர் வீடு’ என்பான். மற்றோரிடத்தில் ‘பாண்டவர் குழி’ என்பான். கிருஷ்ணகிரிச் சீமையில் மல்லச்சந்திரத்துக் குன்றின்மேல் இருக்கும் அத்தகைய கல்வீடுகளின் உட்புறத்தில் வெள்ளை வர்ணத்தால் தீட்டிய சித்திரங்கள்கூட உண்டு. ஆயினும் ஒரு எச்சரிக்கை. நம் நாட்டுச் சின்னங்கள் பெரும்பாலும் இரும்புக் காலத்தவை. நான் சொல்லப்போகும் ஐரோப்பியச் சின்னங்களோ புதிய கற்காலத்தவை, அவற்றுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேல் மூத்தவை. கல்லின்மேல் கல்லை வைத்தவர்கள் எல்லோரும் ஒரே வமிசம் என்று சாதிப்பது, சோறு பொங்குகிறவர்கள் எல்லோரும் பங்காளிகள் என்று சாதிப்பது போலாகும். அந்த வழியில் நான் உங்களை அழைத்துச் செல்லப்போவதில்லை.

நாம் போகவேண்டிய ஊர் அயர்லாந்து. அந்தத் தீவின் கீழ்க்கரையில் கடலில் கலக்கும் பாய்ன் என்ற நதி, மீத் என்ற மாவட்டத்தில் ஓரிடத்தில் வில்லைப்போல் வளைந்து செல்கிறது. அந்த வளைவுக்குள் நியூகிரேஞ்ச், நௌத், டௌத் என்று மூன்று பெரிய மேடுகள் இருக்கின்றன. மூன்றும் மனிதர் கட்டியவை. அவற்றுள் நியூகிரேஞ்ச், கி.மு. 3200 அளவில் எழுந்தது. குறுக்கே ஏறத்தாழ 85 மீட்டர். உயரம் 12 மீட்டருக்கு மேல். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, யாரோ ஒரு ராட்சசன் வெங்கலப் பானையைப் பச்சைப் புல்வெளியில் கவிழ்த்து வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ள மறந்துபோனது போலத் தோன்றும்.

நெடுங்காலம் அது வெறும் மேடாகவே கிடந்தது. 1699ஆம் ஆண்டில் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரராயிருந்த சார்லஸ் காம்ப்பெல் என்பவர், கல் எடுப்பதற்காகக் கூலியாட்களை அனுப்பினார். கல்லைத் தேடிப் போனவர்கள் கதவைக் கண்டார்கள். மேட்டின் அடியில், சித்திரம் கொத்திய ஒரு பெரும்பாறையும், அதற்குப் பின்னால் இருண்ட ஒரு நடைவழியும் தோன்றின. அச்சமயம் அயர்லாந்தில் பிரயாணம் செய்துகொண்டிருந்த எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஸ் தேசத்துப் பண்டிதர் வந்து பார்த்து, கண்டதைக் கடிதங்களில் எழுதிவைத்தார். கண்டதற்குப் பின் நேர்ந்ததைச் சொல்ல எனக்குச் சற்று வெட்கமாக இருக்கிறது. உள்ளே நுழைந்த கனவான்கள் பலர் தத்தம் பெயரைச் சுவர்க்கல்லில் வெட்டிவைத்துப் போனார்கள். மாமல்லபுரத்துக் குகையில் தம் பெயரையும் காதலியின் பெயரையும் கீறி வைக்கிற நம் ஊர் வாலிபர்கள், இதைக் கேட்டுச் சமாதானம் அடைய வேண்டாம்.

பண்டிதர்கள் வருவதற்கு முன்பே குடியானவர்கள் அந்த மேட்டைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தார்கள். அயர்லாந்தின் பழைய ஏடுகளிலும் அது இருக்கிறது. மேட்டுக்குள் தேவர்கள் வாழ்கிறார்களாம். அவர்களுள் தலைவனாகிய தாக்தா என்பவன் ஒருநாள் சூரியனையே ஒன்பது மாதம் நகரவிடாமல் நிறுத்திவைத்தானாம். அதனால் அவனுக்கு ஏங்கஸ் என்ற பிள்ளை ஒரே நாளில் கருவாகி ஒரே நாளில் பிறந்ததாம். சூரியன் நின்ற கதை அந்த மேட்டைச் சுற்றியே பிறந்ததை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வேண்டியிருக்கும்.

இப்போது வாயிலுக்கு வருவோம். மேட்டின் அடியைச் சுற்றி, மண் சரியாதபடி அணைகொடுத்து, 97 பாறைகளைப் படுக்கவைத்திருக்கிறார்கள். வாயிலுக்கு நேரே கிடப்பது அவற்றுள் முதலாவது. மூன்று மீட்டருக்கு மேல் நீளம்; அதன் முகத்தில் வெற்றிடம் என்பதே இல்லை. சுருள்கள், சுருளுக்குள் சுருள்கள், வைர வடிவங்கள், அலைபோல் மடியும் கோடுகள். நடுவில் நேராக இறங்கும் ஒரு பள்ளக் கோடு. அந்தக் கோட்டுக்கு நேர்பின்னேதான் வாயில் இருக்கிறது. மேட்டைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனால், ஏறத்தாழ எதிரே மற்றொரு சித்திரப் பாறை. அதிலும் நடுவில் அதே நேர்க்கோடு. மேட்டை ஊடுருவி ஒரு கயிற்றைப் பிடித்து அடையாளமிட்டது போலிருக்கிறது.

இதை எப்படிச் செய்தார்கள்? நம் தெருக்களில் முன்பெல்லாம் ஒருவர் தோளில் பையுடன் ‘அம்மி கொத்தலையோ, ஆட்டுக்கல் கொத்தலையோ’ என்று கூவிக்கொண்டு வருவார். திண்ணையில் உட்கார்ந்து, உளியைச் சாய்த்து வைத்து, சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டுவார். தேய்ந்த அம்மியின்மேல் புள்ளி புள்ளியாகக் குழி விழும். புள்ளிகள் சேர்ந்து வரியாகும். பாய்ன் நதிக்கரைச் சிற்பியின் முறையும் அதுவே. ஒரே ஒரு வித்தியாசம், அம்மி கொத்துகிறவருக்கு இரும்பு உளி இருந்தது, அவனுக்கு இல்லை. சிக்கிமுக்கிக் கல்லின் கூரோ, வெங்கச்சங்கல்லின் கூரோதான் அவன் உளி. மற்றொரு கல்லோ மரக்கொட்டாப்புளியோதான் சுத்தியல். பாறையை உற்றுப் பார்த்தால் கோடு என்று நாம் கண்டது கோடன்று, ஆயிரம் புள்ளிகள் என்பது விளங்கும். ஒரு சுருளுக்கு எத்தனை தட்டு? நான் எண்ணத் தொடங்கி, ஒரு சாண் தூரம் போவதற்குள் விட்டுவிட்டேன்.

உள்ளே போவோம். நான் போனது ஆடி மாதத்தில். அங்கே அது கோடைக்காலம். நடைவழியின் நீளம் 19 மீட்டர். இருபுறமும் ஆளுயரப் பாறைகள் நிற்கின்றன. சிலவிடங்களில் அவை உட்புறம் சாய்ந்து வழியை நெருக்குவதால், சரீரம் சற்றுப் பெருத்தவர்கள் பக்கவாட்டில் திரும்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டே நுழைய வேண்டும். என் முன்னே போன அம்மையார் தம் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். தரை மெல்ல மெல்ல உயர்வது நமக்குத் தெரிவதில்லை. முடிவில் சட்டென்று தலைக்குமேல் வெளி திறக்கிறது. ஆறு மீட்டர் உயரத்துக்குக் கல்வரிசைகள், ஒவ்வொன்றும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்நோக்கிப் பிதுங்கிக்கொண்டு, மேலே போகப்போகக் குறுகி, ஒரு மூடுகல்லில் முடிகின்றன. சுண்ணாம்பு இல்லை; சாந்து இல்லை. மூன்று பக்கமும் மூன்று சிறு மாடங்கள். மாடங்களில் கல்லால் ஆன அகன்ற தட்டங்கள். இறந்தவர்களின் எரிந்த எலும்பும் எரியாத எலும்பும் அங்கே கிடைத்தன.

இத்தனை மழை பெய்யும் தேசத்தில் அந்தக் கூரை ஐயாயிரம் ஆண்டாக ஒழுகவில்லை! போன ஆண்டு போட்ட தளத்துக்கு அடியில் இந்த ஐப்பசியில் பாத்திரம் வைக்கிறவர்கள் இந்த மண்டபத்திலேயே இருப்பார்கள். அவர்களுக்காக இதன் சூக்ஷ்மத்தைச் சொல்கிறேன். கூரைக் கற்களை வெளிப்புறம் சற்றுச் சரிவாக வைத்தார்கள். நடைவழியை மூடிய பாறைகளின் மேல்முகத்தில் நீர் ஓடிப்போவதற்குக் காலாகச் சிறு பள்ளங்கள் கொத்தினார்கள். இடுக்குகளில் கடல் மணலையும் சுட்ட மண்ணையும் அடைத்தார்கள். அந்தச் சுட்ட மண்ணிலிருந்த கரியைச் சோதித்துத்தான் கட்டடத்தின் வயதையே பிற்காலத்தார் கண்டுபிடித்தார்கள். அடைத்தவன் நீரைத் தடுக்க அடைத்தான். அவன் அறியாமலே தன் காலத்தையும் அதில் எழுதிவிட்டான்.

கடைசி மாடத்தின் ஒரு கல்லில் மூன்று சுருள்கள் ஒன்றையொன்று கைகோத்தாற்போல் நிற்கின்றன. அகலம் ஓர் அடிதான். அயர்லாந்தின் நகைக்கடைகளில் அந்த முச்சுருளைக் ‘கெல்ட்டியச் சின்னம்’ என்று வெள்ளியில் செய்து விற்கிறார்கள். கெல்ட்டியர் அத்தீவில் கால்வைப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அது அந்த இருட்டில் இருந்தது. ஆனால் பெயர் தவறானாலும் மயக்கம் தவறன்று. அந்த முச்சுருளின் முன் நின்றவர்கள் விரலால் காற்றில் அதை வரைந்து பார்க்காமல் வருவதில்லை. நானும் வரைந்தேன்.

இனி, சூரியன் நின்ற கதைக்குத் திரும்புவோம். 1962ஆம் ஆண்டு முதல் 1975 வரை மைக்கேல் ஓ’கெல்லி என்ற பேராசிரியர் நியூகிரேஞ்சை அகழ்ந்தார். வாயிலுக்கு மேலே ஒரு விசித்திரமான அமைப்பு தென்பட்டது: கல்லால் ஆன ஒரு சிறு பெட்டி, முன்னும் பின்னும் திறந்தது. அதன் இடைவெளியை மூடும் வெள்ளைப் படிகக்கல் துண்டு ஒன்றும் கிடைத்தது. அது பலமுறை இழுக்கப்பட்டும் தள்ளப்பட்டும் இருந்ததற்கு அடையாளமாகக் கீறல்கள் தெரிந்தன. வாயில் இருக்கும்போது வாயிலுக்குமேல் சன்னல் எதற்கு? ஏதோ ஒரு நாளில் சூரியன் உள்ளே வருகிறான் என்று அக்கம்பக்கத்தார் ஒரு பேச்சு வைத்திருந்தார்கள். நடைவழி தென்கிழக்கை நோக்கியிருப்பதைக் கண்ட ஓ’கெல்லி, அந்த நாள் கோடையில் இருக்க முடியாது, சூரியன் தென்கோடியை எட்டித் திரும்பும் குளிர்கால நாளாகவே இருக்க வேண்டும் என்று கணித்தார். நம் கணக்கில் மார்கழி பிறந்து ஐந்தாறு நாள்.

1967ஆம் ஆண்டு டிசம்பர் 21. விடியுமுன் வந்து, தன்னந்தனியாக அந்த அறையில் உட்கார்ந்தார். வெளியே சூரியன் மலை விளிம்பில் எழுந்தான். சில நிமிஷங்களில் அந்தக் கற்பெட்டி வழியாக ஒரு கதிர், பென்சிலளவு மெல்லியது, நுழைந்தது. நடைவழியின் தரை வழிநெடுக உயர்ந்துகொண்டே வருவதால், அறையின் தரையும் அந்தப் பெட்டியின் அடியும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. ஆகவே வாயில் வழியாக வரும் ஒளி பாதியிலே நின்றுவிட, பெட்டி வழியாக வருவது மட்டும் கடைசி மாடத்துக் கல்தட்டத்தின் விளிம்புவரை போய்த் தொட்டது. கதிர் 17 சென்டிமீட்டர் அகலத்துக்கு விரிந்தது. அறை முழுதும், மாடங்களும், கூரையின் உச்சியும் அந்தப் பிரகாசத்தில் தெரிந்தன. மொத்தம் 17 நிமிஷம். பிறகு ஒளி ஒடுங்கிப் பின்வாங்கிப் போயிற்று.

சில சிவஸ்தலங்களில் ஆண்டில் குறித்த சில நாட்களில் காலைக் கதிர் கர்ப்பக்கிருகத்து லிங்கத்தின்மேல் விழுவதை ‘சூரிய பூஜை’ என்று நாம் கொண்டாடுகிறோம் அல்லவா? அங்கே பக்தர் கூடிநின்று தரிசிக்கிறார்கள். இங்கே தரிசித்தவர் யார்? வாயிலை ஒரு பாறையால் அடைத்துவிட்டு, மேலே ஒளிக்கு மட்டும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள். உயிரோடிருப்பவர் வருவதற்கு ஒரு வழி, சூரியன் வருவதற்கு ஒரு வழி. முதலாவதை மூடலாம், இரண்டாவதைத் திறந்தே வைக்கலாம் என்ற ஏற்பாடு அது. உள்ளே இருந்தவர்கள் எலும்பாயிருந்தார்கள். அந்த 17 நிமிஷத்துக்காகச் செலவான உழைப்பு அவர்களுக்காகத்தான் செலவாயிற்று என்றே நான் நினைக்கிறேன்.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் பண்டிதர்கள், இத்தகைய கட்டடக்கலை எகிப்திலோ கிரேக்கத்துக்கு அருகிலோ பிறந்து, கப்பலேறி மேற்கே போயிருக்க வேண்டும் என்று எழுதினார்கள். நாகரிகம் கிழக்கே உதித்து மேற்கே பரவிற்று என்பது கேட்பதற்கு இனிமையாகத்தான் இருந்தது. பிறகு கரியின் வயதைக் கணக்கிடும் சாஸ்திரம் வந்தது. மரவளையங்களைக் கொண்டு அந்தக் கணக்கைத் திருத்தியும் ஆயிற்று. நியூகிரேஞ்ச், கீஸாவின் பெரிய பிரமிட்டுக்கு ஏறத்தாழ 600 ஆண்டு மூத்தது என்று தெரிந்தது. குரு என்று நினைத்திருந்தவர் பிறக்கவே இல்லை. சீடன் வேலையை முடித்துவிட்டு மண்ணையும் மூடிவிட்டான்!

அகழ்ந்தவர்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. வாயிலின் இருபுறமும் சரிந்து கிடந்த வெள்ளைப் படிகக் கற்களை எடுத்து, காங்கிரீட்டை முதுகாக வைத்து, செங்குத்தான சுவராகக் கட்டி நிறுத்திவிட்டார். பளிச்சென்றிருக்கிறது, ஆனால் பழமைக்கு அவ்வளவு நிமிர்ந்த நெஞ்சு இருந்ததா என்று பலர் சந்தேகப்படுகிறார்கள், நானும் ஒருவன். அது போகட்டும். அவர் செய்த வேறொரு காரியத்துக்காக அந்தச் சுவரை நான் மன்னித்துவிட்டேன்.

அந்தக் காரியம் இது. செப்பனிடுவதற்காகச் சில விளிம்புப் பாறைகளுக்குப் பின்னாலும், நடைவழியை மூடிய பாறைகளுக்கு மேலேயும் மண்ணை அகற்றியபோது, அவற்றின் மறைந்த முகங்களில் சித்திரங்கள் தெரிந்தன. சுருள், வட்டம், வைரம், நெளிகோடு. முன்பக்கத்தில் உள்ள அதே பாஷை. ஐயாயிரம் ஆண்டாக மேட்டின் மண்ணை முத்தமிட்டுக்கொண்டிருந்த முகங்கள் அவை. ஓ’கெல்லியின் மனைவியாராகிய கிளேர் ஓ’கெல்லி அம்மையார் அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்து பதிவுசெய்தார். யாருக்காகக் கொத்தினார்கள்? வழிபட வந்தவனுக்காகவா? அவனால் பார்க்க முடியாது. இறந்தவனுக்காகவா? அவனுடைய அறைக்குள்ளும் அவை இல்லை. பிற்காலத்தவருக்காகவா? பிற்காலத்தவர் இடித்தால்தானே தெரியும். இடிபடுவதற்காகவா ஒருவன் கட்டுவான்?

வேறொரு பழைய கட்டடத்தின் கற்களைக் கொண்டுவந்து மறுபடி பயன்படுத்தியிருக்கலாம், பழைய சித்திரம் தற்செயலாகப் பின்னால் போயிருக்கலாம் என்பது ஒரு விடை. சிலவற்றுக்கு அது பொருந்தும். எல்லாவற்றுக்கும் பொருந்துமா என்பதில் எனக்கு ஐயம். என் அபிப்பிராயம் வேறு. சித்திரம் என்றால் பார்ப்பதற்கு என்று நாம் பழகிவிட்டோம். சட்டம் போட்டு மாட்டுகிறோம், விளக்குப் போடுகிறோம், டிக்கெட் வைக்கிறோம். அவர்களுக்கோ, கொத்துவதே காரியமாக இருந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வாசலில் கோலம் போடுகிற பெண், எட்டு மணிக்கு அதன்மேல் சைக்கிள் ஏறும் என்பதை அறியாதவளா? அறிந்தே போடுகிறாள். அந்தச் சுருளுக்கும் நம் கோலத்துக்கும் உறவு என்று நான் சொல்லவில்லை, முன்பே எச்சரித்திருக்கிறேன். போடுகிற கைக்குப் போட்டு முடித்ததே பலன் என்ற மனநிலை நமக்கு அந்நியமன்று என்பதை மட்டுமே சொல்கிறேன்.

பக்கத்து மேடாகிய நௌத் இதைவிடச் சித்திர வளம் மிகுந்தது. அங்கே 127 விளிம்புப் பாறைகள், கிழக்கும் மேற்குமாக இரண்டு நடைவழிகள். ஜார்ஜ் யோகன் என்ற அறிஞர் 1962இல் அகழத் தொடங்கிப் பல்லாண்டு அதிலேயே காலங்கழித்தார். மேற்கு ஐரோப்பாவின் பெருங்கற் சித்திரங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே இடத்தில் இருக்கிறது. அதை விவரிக்கப் புகுந்தால் அவைத்தலைவர் மணியடித்துவிடுவார். ஆகவே கடலைக் கடந்து தெற்கே, பிரான்ஸ் தேசத்தின் பிரித்தானிக் கரைக்கு உங்களை அழைத்துப்போய் முடித்துக்கொள்கிறேன்.

அங்கே மோர்பியான் வளைகுடாவில் கவ்ரினிஸ் என்று ஒரு சிறு தீவு. கல்லறை கட்டிய நாளில் கடல்மட்டம் தாழ்ந்திருந்ததால் அது தீவாக இல்லை, குன்றாக இருந்தது. நியூகிரேஞ்சுக்கும் சில நூற்றாண்டு முந்தியது அந்தக் கல்லறை. உள்ளே நிற்கும் 29 பாறைகளில் 23, அடிமுதல் நுனிவரை சித்திரமயம்; வளைவுக்குள் வளைவு வளைவாக, கட்டைவிரல் ரேகையைப் பெரிதாக்கிப் பாறையில் ஒற்றினாற்போல் இருக்கும். பார்க்கிறவர்கள் எல்லாரும் சுவரைத்தான் பார்த்தார்கள். 1984இல் ஷார்ல் தாங்கி லெ ரூ என்ற ஆராய்ச்சியாளர், அறையின் கூரையாயிருந்த பெருங்கல்லின் மேற்புறத்தைக் கண்டார். மேற்புறம் என்றால் கற்குவியலுக்குள் புதைந்திருந்த முகம். அதில் நீண்ட கொம்புகளுடைய மாட்டின் உருவம் இருந்தது; கூடவே முடிவுறாத சில உருவங்கள், கல் உடைந்த விளிம்பில் பாதியோடு நின்றன.

மிச்சப் பாதி எங்கே? சில கிலோமீட்டருக்கு அப்பால், நீருக்கு அக்கரையில், லொக்மரியாக்கேர் என்ற ஊரில் மற்றொரு கல்லறையின் கூரைக்கல்லில் இருந்தது. உடைந்த விளிம்பும் உடைந்த விளிம்பும் பொருந்தின. இங்கே அறுந்த உருவம் அங்கே தொடர்ந்தது. மூன்றாவது துண்டு அதே ஊரில் வேறொரு சமாதிக்கு மூடியாயிற்று. ஒரு காலத்தில் 14 மீட்டர் உயரத்துக்கு வெயிலில் நின்ற ஒற்றைக் கல் அது. ஊரே அண்ணாந்து பார்த்த சித்திரம் அது. அதைச் சாய்த்து, துண்டாக்கி, மூன்று கல்லறைகளுக்குப் பகிர்ந்துகொண்டார்கள். கவ்ரினிஸுக்குக் கொண்டுவந்தவர்கள், நினைத்திருந்தால் மாட்டை அறைக்குள் தெரியும்படி கவிழ்த்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. மாட்டை மேல்நோக்கி வைத்து, அதன்மேல் கல்லைக் குவித்து மூடினார்கள்.

இன்றும் கோடைக்காலத்தில் படகேறி அந்தத் தீவுக்குப் போகிறவர்கள் அறைக்குள் நின்று சுவர்களை வியந்து பார்க்கிறார்கள். தலைக்குமேல் மாடு இருக்கிறது என்று வழிகாட்டி சொன்னவுடன் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். வெறும் கல்தான் தெரியும்.